சஞ்சீவி எந்த டப்பாவில் இருக்கிறது?

"பாட்டி, அனுமாருக்குப் படிக்கத் தெரியாதா?"

என் பேரன் இப்படிக் கேட்டது 2020 ஏப்ரலில். அப்போது அவனுக்கு ஐந்து வயசு. ஊரடங்கு நாட்கள். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் சத்தமே இல்லை. வாசலில் கீரைக்காரி குரல் கூட இல்லை. பொழுது போக வேண்டுமே என்று தூர்தர்ஷனில் பழைய ராமாயணத்தை மார்ச் 28 முதல் மறுபடியும் போட ஆரம்பித்திருந்தார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் டி.வி. முன்னால் ஆஜர்.

அன்றைக்கு லக்ஷ்மணன் மூர்ச்சையாகி விழுந்து கிடக்கிற கட்டம். மூலிகை கொண்டு வரப் போன அனுமார், எது அந்த மூலிகை என்று புரியாமல் மலையையே பெயர்த்துத் தூக்கிக் கொண்டு பறந்து வருகிறார். அதைப் பார்த்துத்தான் பேரன் அப்படிக் கேட்டான்.

ஒன்பது வியாகரணமும் படித்தவர் அனுமார் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ராத்திரி படுத்த பிறகும் தூக்கம் வரவில்லை. காரணம், இதே கட்டத்தை நான் முதல் முதலில் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை. என் பையன், அதாவது கேள்வி கேட்டவனின் அப்பா, அன்றைக்கு என் மடியில் துவண்டு கிடந்தான். சகோதரிகளே, அந்தக் கதையை இத்தனை வருஷம் நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இளம் தாய்மார்களுக்கு உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன்.

1988-ம் வருஷக் கோடை. நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் போர்ஷனில் குடியிருந்தோம். மொத்தம் நாலு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு அடிபம்பு. டி.வி. மட்டும் வீட்டுக்கார மாமி வீட்டில் ஒன்றே ஒன்று. 1987 ஜனவரி 25-ந் தேதி ஆரம்பித்த ராமானந்த் சாகரின் ராமாயணம் ஒன்றரை வருஷம், 1988 ஜூலை 31 வரை, மொத்தம் 78 பாகம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை ஆனால் மாமி வீட்டு ஹாலில் கால் வைக்க இடம் இருக்காது. ஆரம்பிக்கும்போது டி.வி. பெட்டிக்கு ஒரு முழம் பூ சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி வைப்பார் மாமி.

எங்களுக்கு ஹிந்தி ஒரு அட்சரம் தெரியாது. மாமி ஹிந்தி பிரசார சபாவில் ராஷ்டிர பாஷா வரை பாஸ் பண்ணியவர். அவர்தான் எங்களுக்குக் 'கமெண்டரி'. "இப்ப விபீஷணன் என்ன சொல்றான்னா..." என்று அவர் ஆரம்பித்தால் அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி கேட்போம். உண்மையில் பாஷை தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை. அனுமாராக வந்த தாராசிங் பெரிய மல்யுத்த வீரர். அறுபதை நெருங்கிய வயசில் நடித்தார். அவர் கதையைத் தூக்கித் தோளில் வைத்துக் கொண்டால் பாஷை எதற்கு?

அந்தச் சனிக்கிழமை சாயந்திரத்திலிருந்து என் பையனுக்கு வயிறு சரியில்லை. ஒன்றரை வயசுக் குழந்தை. நாலு தடவை வாந்தி. பேதி எத்தனை தடவை என்று எண்ணிக்கை விட்டுப் போனது. கோடையில் எங்கள் அடிபம்புத் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். காய்ச்சாமல் எங்கேயோ குடித்திருக்கிறான்.

என் மாமியார் ராஜபாளையத்துப் பக்கம். கைவைத்தியத்தில் கெட்டிக்காரர். குழந்தைக்குச் சளி, மாந்தம் என்றால் நாலு வீட்டுக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னார்:

"வயித்தைக் காயப் போடு தாயி. தண்ணி குடுத்தா தண்ணியாத்தான் போகும். ஒண்ணும் குடுக்காத. தானா நின்னுடும்."

நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போகிறதெல்லாம் வெளியே வருகிறது. உள்ளே போகாவிட்டால் வெளியே வராது இல்லையா? ராத்திரி அவன் தண்ணீருக்கு அழுதான். அந்த அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. ஒரு சங்கு ஓமத் தண்ணீர் மட்டும் புகட்டினேன். விடியற்காலம் பேதி குறைந்தது. அழுகையும் நின்று தூங்கிப் போனான். "பாத்தியா, நின்னு போச்சு" என்றார் மாமியார். எனக்கும் நிம்மதி.

நிம்மதியாக என்ன செய்தேன் தெரியுமா? ஒன்பதரைக்குக் குழந்தையைத் தூக்கிக் கொண்டு மாமி வீட்டுக்குப் போய் ராமாயணம் பார்க்க உட்கார்ந்து விட்டேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உள்ளது உள்ளபடி எழுதாவிட்டால் இந்தப் பக்கத்துக்கு அர்த்தமில்லை.

லக்ஷ்மணன் விழுந்து கிடக்கிறான். ராமர் அவன் தலையை மடியில் வைத்துக் கொண்டு புலம்புகிறார். ஹாலில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள். அனுமார் இலங்கைக்குப் பறந்து போய் சுஷேணர் என்ற வைத்தியரை வீட்டோடு பெயர்த்துத் தூக்கி வருகிறார். "எதிரி நாட்டு வைத்தியர்டீ! ஆனா வைத்தியனுக்கு நோயாளிதான் முக்கியம், எந்தப் பக்கத்து ஆள்ங்கறது இல்லே" என்று மாமி உருகினார். பிறகு, "சூரியோதயத்துக்குள்ள மூலிகை வந்தாகணுமாம். இல்லேன்னா பிழைக்க மாட்டானாம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசல்படியில் பின் போர்ஷன் சிஸ்டர் வந்து நின்றார். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம். நைட் டியூட்டி முடிந்து வந்தவர், சாவி வாங்க எட்டிப் பார்த்தார். அவர் கண் டி.வி. பக்கம் போகவில்லை. என் மடிக்கு வந்தது.

"குழந்தை ஏன் இப்படிக் கெடக்கு?"

"தூங்கறான் சிஸ்டர். ராத்திரி பூரா வயித்தால போச்சு. இப்ப நின்னுடுச்சு."

குனிந்து அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. மெள்ள மெள்ளத்தான் சமமானது. கண்ணைப் பார்த்தேன். குழி விழுந்திருந்தது. அசைத்ததும் சிணுங்கினான். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"கடைசியா எப்ப மூத்திரம் போனான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"இது தூக்கம் இல்லேம்மா. உடம்புல தண்ணி வத்திப் போச்சு. உடனே ஆஸ்பத்திரி போகணும்" என்று சொல்லி என் கணவரை விரட்டினார். இவர் ஆட்டோ தேடி ஓடினார். ஆனால் ராமாயண நேரத்தில் தாம்பரத்து வீதியில் ஈ காக்கை கிடையாதே! ஆட்டோ ஸ்டாண்டில் நாலு ஆட்டோ நிற்கிறது, ஓட்டுகிறவர் ஒருத்தர் இல்லை. யார் வீட்டு ஜன்னலில் நின்று பார்க்கிறார்களோ?

சிஸ்டர் காத்திருக்கவில்லை. என் சமையலறைக்குள் நுழைந்தார். "காய்ச்சின தண்ணி இருக்கா? உப்பு எங்கே? சர்க்கரை டப்பா எது?" என்று கேட்டு, அளந்து போட்டுக் கலக்கி, தன் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். "கண்ணீர் உப்புக்கு மேல உப்பு கரிக்கக் கூடாது" என்றார். ஸ்பூனை என் கையில் கொடுத்தார்.

"கையைப் பிசைஞ்சுட்டு நிக்காதீங்க. ஒரு ஸ்பூன் குடுங்க. முழுங்கினதும் அடுத்த ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடுங்க. வண்டி வர்ற வரைக்கும், வண்டியிலயும், நிறுத்தவே கூடாது."

முதல் ஸ்பூன் கடைவாயில் வழிந்தது. இரண்டாவதை விழுங்கினான். மூன்றாவதுக்கு வாயைத் திறந்து ஸ்பூனைப் பல்லால் பிடித்துக் கொண்டான் பாருங்கள், அவ்வளவு தாகம்! நான் ராத்திரி பூரா மறுத்த தண்ணீர். மாமி வீட்டு ஹாலிலிருந்து சங்கீதம் கேட்கிறது. அங்கே மலை பறந்து வந்து கொண்டிருக்கிறது. இங்கே நான் ஸ்பூன் ஸ்பூனாக எண்ணிக் கொண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு சைக்கிள் ரிக்ஷாதான் கிடைத்தது. டாக்டர் வீட்டுக்குப் போனால் அவரும் டி.வி. முன்னால்தான். ஆனால் குழந்தையைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். டிரிப் ஏற்றினார்கள். சாயந்திரம் மூத்திரம் போனான். அன்றைக்கு அதைவிடச் சந்தோஷமான விஷயம் எனக்கு உலகத்தில் வேறு இல்லை. "வழியெல்லாம் அந்தத் தண்ணியைக் குடுத்தது நல்லதாப் போச்சு. இல்லேன்னா கஷ்டம்தான்" என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவங்கப்பனுக்கு முன்னால எனக்கு ஒரு பொம்பளப் பிள்ளை இருந்துச்சு தாயி. பேதிலதான் போச்சு. அதுக்கும் காயத்தான் போட்டோம். தண்ணி, தண்ணின்னுச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக் கொண்டேன். அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு அவர் மாமியார் சொன்னது அது. அன்போடுதான் சொன்னார்கள். தெரியாமல் செய்தார்கள்.

இப்போது அனுமாருக்கு வருகிறேன். வால்மீகியில் ஜாம்பவான் நாலு மூலிகையின் பேரைச் சொல்லி அனுமாரை அனுப்புகிறார். கம்பர் 'மருத்துமலைப் படலம்' என்றே ஒரு படலம் பாடியிருக்கிறார். துளசிதாசர் சொல்லும் கதையில்தான் இலங்கை வைத்தியர் வருகிறார். டி.வி.யில் பார்த்தது அந்த வழி. என் மாமியார் ஊரான ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை என்றே ஒரு மலை இருக்கிறது. எந்தக் கதையானாலும் அனுமாருக்குப் பலம் இருந்தது, வேகம் இருந்தது, பக்தி இருந்தது. மருந்து எது என்று மட்டும் அடையாளம் தெரியவில்லை. அதனால் மலையையே தூக்க வேண்டி வந்தது. அவருக்குத் தூக்க முடிந்தது. நம்மால் முடியுமா? நமக்கு மருந்தின் அடையாளம் தெரிந்திருப்பது ஒன்றுதான் வழி.

அந்த மருந்தை அடையாளம் காட்டியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டு டாக்டர். கல்கத்தாவைச் சேர்ந்த திலீப் மஹலானபிஸ். 1971-ல் வங்க தேச யுத்தத்தின் போது லட்சக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். முகாம்களில் காலரா. எல்லையோர ஊரான போங்காவ் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்கு டிரிப் பாட்டில் தீர்ந்து கொண்டு வருகிறது. அவர் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு மூன்றையும் அளந்து தண்ணீரில் கலந்து, பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக் கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது! 1978-ல் 'லான்செட்' என்ற புகழ் பெற்ற வைத்தியப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று எழுதியது. அவர் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இதில் என்ன சூட்சுமம்? உப்பை மட்டும் கொடுத்தால் குடல் சரியாக வாங்கிக் கொள்ளாது. கூடவே சர்க்கரை இருந்தால் உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும். உப்பு போகிற வழியில் தண்ணீரும் பின்னாலேயே போகும். பேதி ஆகும்போது கூட இந்த வழி மூடுவதில்லை. பேதியை உடனே நிறுத்துகிற மருந்து இல்லை இது. வெளியே போன தண்ணீரையும் உப்பையும் திரும்ப உள்ளே வைப்பது. குழந்தையைக் கொல்வது பேதி அல்ல, வறட்சி.

வங்க தேசத்தில் 1980 முதல் பத்து வருஷம் 'பிராக்' என்ற ஸ்தாபனத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சொல்லிக் கொடுத்த பெண்ணின் சம்பளம், கேட்ட தாய் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தது! நல்ல ஏற்பாடு அல்லவா?

இனி, நீங்கள் வெட்டி எடுத்து சமையலறைக் கதவில் ஒட்டிக் கொள்ள வேண்டியது:

கடையில் விற்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் முதல் தரம். உலக சுகாதார நிறுவனத்தின் பார்முலா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பாதிப் பாக்கெட்டைக் குத்துமதிப்பாகப் போடுவது கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டி விட வேண்டும்.

பாக்கெட் கையில் இல்லாவிட்டால்: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அதே ஸ்பூனால் அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும்.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயசுக்குள் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர். ஸ்பூனால், நிதானமாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, மோர், குழைந்த சாதம் எல்லாம் கொடுக்கலாம். வயிற்றைக் காயப் போடாதீர்கள். டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதிக் கொடுத்தால், பேதி நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள். வழக்கமாக 10 முதல் 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட்டும் மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கும்.

கண் குழி விழுந்தால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், கிள்ளிய தோல் மடிப்பு நின்றால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால், குடிக்க மறுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், துவண்டு 'தூங்கினால்', உடனே ஆஸ்பத்திரி. ஆறு மாசத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் இத்தனையும் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம், முதலிலேயே டாக்டர். போகிற வழியில் விழுங்க முடிகிற குழந்தைக்குப் புகட்டிக் கொண்டே போங்கள். மயக்கத்தில் இருக்கிற குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. பழரசம் போல இனிப்பாக, அட்டைப் பெட்டியில் அடைத்த பானங்களும் சில காலம் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக் கொண்டு மருந்துக் கடையில் விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல வருஷம் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவற்றில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே பேரைப் பார்த்து ஏமாறாமல் பின்பக்கம் இருக்கிற சிறிய எழுத்தையும் படியுங்கள்.

2020 ஏப்ரல் 16-ந் தேதி, லக்ஷ்மணன்-மேகநாதன் யுத்தக் கட்டம் வந்தபோது, 7.7 கோடி பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. அதில் எத்தனை கோடி தாய்மார்களோ! அத்தனை பேருக்கும் சஞ்சீவி மலை தெரியும். அரை ஸ்பூன், ஆறு ஸ்பூன் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்துக் கொண்டேன்.

என் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. அந்த 1988 கோடைக்குப் பிறகு, நாலு போர்ஷனிலும் சரி, எதிர் வரிசையிலும் சரி, குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று யார் வந்தாலும் அவர் முதலில் கேட்டது, "தண்ணி குடுத்தியா?" என்றுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர். சர்க்கரை டப்பாவுக்குள் ஒரு டீஸ்பூனைக் கடைசி வரை தனியாகப் போட்டு வைத்திருந்தார். அளவுக்கென்று அது ஒன்றுதான். வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

அந்த ஸ்பூன் இப்போது என் மருமகளிடம் இருக்கிறது.